நடுக்கம் துணி வழியாகப் போகும்

போர்ட்டோ நகரத்து ஆஸ்பத்திரிகளின்
அழுக்கெல்லாம் எங்களிடம்தான் வரும்.
ரத்தம், அயோடின், சூப்பு,
யாரோ கடைசியாகப் படுத்திருந்த சுருக்கம்.
எழுபது டிகிரியில் எல்லாம் ஒன்றாகிவிடும்.

பதினோரு பேருக்கு நான் மேலாளர்,
போன மார்ச்சிலிருந்து.
அதற்குமுன் கணக்கெழுதினேன்.
கணக்கு எதிர்த்துப் பேசாது.

எனக்கு மாடியில் கண்ணாடி அறை.
அங்கிருந்து பார்த்தால்
ஆட்களின் வாய் அசையும், சத்தம் வராது.
அது எனக்குப் பிடித்திருந்தது
என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

அடெரிட்டோ தினமும் தாமதம்.
ஆறு மணி ஷிப்டுக்கு ஆறு இருபது,
மழை நாளில் ஆறரை.
அவனிடம் நான் சொல்லவில்லை.
சுவரிடம் சொன்னேன்:
'அனைத்து ஊழியர்களின் கவனத்திற்கு.'
தடித்த எழுத்தில், இரண்டு ஆச்சரியக்குறிகளோடு.
மறுவாரம் இன்னொன்று, சிவப்பில்.
ஆறாவதை ஒட்டிய அன்று
இருபது வருஷமாக ஒருநாளும் பிந்தாத எர்மெலிண்டா
தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி
என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
திருப்பிக் கொடுக்கப் பயந்து
இழுப்பறைக்குள் போட்டேன்.
உள்ளே கிடந்து திட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன்.
'அடெரிட்டோ, ஒரு நிமிஷம்.'
கடுமையாகச் சொன்னால் என் மாமியார்.
மென்மையாகச் சொன்னால் பல் டாக்டர்.
என் குரல் எது என்று தெரியாமலே
விளக்கை அணைத்துப் படுத்தேன்.

நவம்பரில் மடிப்பு எந்திரம் படுத்துவிட்டது.
பெல்ட் வர மூன்று நாளாகும்.
குழந்தைகள் வார்டிலிருந்து போன் மேல் போன்,
முந்நூறு விரிப்பு, இன்றைக்கே.
கீழே இறங்கினேன்.
திட்டமெல்லாம் இல்லை.
மேலே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் ஜோடி சேர்ந்திருந்தார்கள்.
தாமதமாக வந்தவனுக்கு ஜோடி ஏது.
தாமதமாக இறங்கியவளுக்கும்.

பெரிய விரிப்பை மடிப்பது எப்படி என்றால்
உனக்கு இரண்டு முனை, எனக்கு இரண்டு முனை.
உதறு. இழு. பாதியாக்கு.
பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தாக வேண்டும்.
வேறு வழியில் அது மடியாது.

முதல் விரிப்பில் என் மூலை கோணல்.
'கட்டைவிரலை உள்ளே விடுங்க, டோனா லியோனில்டு.'
விட்டேன்.
நாற்பதாவதில் தோள் கழன்றது.
அறுபதாவதிலோ என்னவோ,
அவன் முகம் ஒரு முழத்துக்கு வந்தபோது
வாய் தானாகத் திறந்தது:
'நீ தினமும் பிந்தி வருகிறாய்.
உன் இருபது நிமிஷத்தை எர்மெலிண்டா சுமக்கிறாள்.'

அவன் தன் மூலைகளை என் கையில் வைத்தான்.
'ஆறு நோட்டீஸ் ஒட்டினீங்க.
ஒன்றிலும் என் பெயர் இல்லை.
நீங்களாகக் கேட்பீங்கன்னு
ஐந்தாவது வரை காத்திருந்தேன்.'

அடுத்த விரிப்பு. உதறினோம்.
ஆற்றுக்கு அக்கரையில் வீடாம்.
முதல் பஸ்ஸின் நேரம் மாறி ஏழு மாதமாம்.
'பாவம்' என்று சொல்ல வந்து
மென்று விழுங்கினேன்.
அதுவும் ஒரு நோட்டீஸ்தான்.

'ஆறரைக்கு வா. மூன்றுக்குப் பதில் மூன்றரைக்குப் போ.
கடைசி லாரி ஏற்றுவது உன் பொறுப்பு.
ஆறரை என்றால் ஆறரை.'
சொல்லும்போது கை நடுங்கியது
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
நடுக்கம் துணி வழியாகப் போகும்.

சாயங்காலம் நோட்டீஸ்களைக் கிழித்தேன்.
பசை சுவரின் பெயின்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது.
கடிகாரத்தை நீட்டினேன்.
எர்மெலிண்டா காதில் வைத்துப் பார்த்தாள்.
'ஓடுது,' என்றாள்.

திங்கட்கிழமை அவன் வந்தது
ஆறு முப்பத்துநான்குக்கு.

பதினான்கு படி.
எல்லா எந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது.
'நாலு நிமிஷம்,' என்றேன், அவனிடமே.
குரல் என்னுடையதாக இருந்தது.
முழங்கால் யாருடையதோ.